அண்ணி எழுந்துவிட்டாள்

வீரம்மா கண் விழித்தபோது அடுப்படியில் ஏதோ பாத்திரம் உருண்டது. மணி ஐந்தரை. ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் முதல் விளக்கைப் போடுகிறவள் அவள்தான். இன்று யாரோ முந்திக்கொண்டுவிட்டார்கள்.

போய்ப் பார்த்தாள். அண்ணி நல்லம்மாள் குளித்து, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அலமாரியில் இருந்த டின்கள் அத்தனையும் அவளைச் சுற்றித் திறந்து கிடந்தன.

"ரவையை எங்க வச்சிருக்கே வீரம்மா? உளுந்து மட்டும் மூணு டின்னுல இருக்கு. ரவையைக் காணோம்."

ரவை மேல் தட்டில், மைலோ டின்னுக்குள் இருந்தது. வீரம்மா எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, தன்னுடைய அடுப்படியில் தனக்கு நிற்க இடமில்லாமல் நிலைப்படியிலேயே நின்றாள்.

இந்தக் குடும்பத்தோடு இன்றைக்குத்தான் பழக வந்தவர்களுக்காக ஒரு நிமிஷம். செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றது எழுபத்து நாலில். உடையப்பன் தன் மனைவி நல்லம்மாளையும், பதின்மூன்று வயது மகள் அஞ்சலையையும், தங்கை வீரம்மாவையும் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் ஒரு பலகை வீட்டில் குடியேறினான். வீரம்மாவின் புருஷன் சன்னாசி அதற்கு முன்பே சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைக்குப் போனவன். இரண்டு கடிதத்தோடு நின்றுபோனான். தாலி மட்டும் அவள் கழுத்தில் இருந்தது.

உடையப்பனுக்கு லோரி ஓட்டும் வேலை கிடைத்தது. வீரம்மா தையல் கடையில் சேர்ந்தாள். நல்லம்மாளுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. அவளிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டை. அதைப் பார்த்தவுடன் எல்லாரும் கையை ஆட்டிவிட்டார்கள்.

தோட்டத்தில் விடியுமுன்னே பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், நாற்பது பெண்களோடு பேசிச் சிரித்துப் பால்மரம் வெட்டியவள் நல்லம்மாள். அங்கே யாருக்காவது தூக்கமில்லை, மனசு சரியில்லை என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் ஒரே பாட்டிலில் இருந்து எல்லாருக்கும் சிவப்புத் தண்ணீரை ஊற்றிக் கொடுப்பார். பாதிப்பேர் அதை வழியிலேயே கொட்டிவிட்டு, லயத்து வீட்டு வாசலில் கூடிப் பேசியே தேறிவிடுவார்கள். புந்தோங்கில் கூடிப் பேச ஆளில்லை. காலையில் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டால், சாத்திய கதவும் அவளும்தான். தூக்கம் போயிற்று. ஒரு கிளினிக்கில் இரண்டு வாரத்துக்கு என்று மாத்திரை கொடுத்தார்கள். அந்த இரண்டு வாரம் ஒன்பது வருஷம் ஓடியது. ஒன்று இரண்டாயிற்று. ராத்திரிக்கு மட்டும் என்றது பகலுக்கும் வந்தது. அஞ்சலை பெரியவளானதும், பள்ளிக்கூடம் முடித்ததும், பிஸ்கட் பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்ததும் நல்லம்மாளுக்கு யாரோ வீட்டுக் கதையாகத்தான் காதில் விழுந்தது.

போன வருஷம் அவள் குளியலறையில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கட்டுப்போட்ட புது டாக்டரம்மா மாத்திரைப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, இதை யார் கொடுத்தது, எத்தனை வருஷமாக என்று கேட்டாள். ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, பாதி, கால், அரைக்கால் என்று எட்டு மாதத்தில் குறைத்தாள். கை நடுங்கியது, காதுக்குள் வண்டு இரைந்தது, நல்லம்மாள் ராவெல்லாம் நடந்தாள். கடைசித் துண்டை விழுங்கி இன்றைக்கு ஆறு வாரம்.

அந்த ஆறு வாரமாக வீட்டில் ஒரே சத்தம். நல்லம்மாளுக்குப் பேச ஒன்பது வருஷம் பாக்கி இருந்தது. புருஷன் தலையைப் பார்த்து, எப்போது நரைத்தது என்று கேட்டாள். மகளைச் சுவரோடு நிறுத்தி, தன்னைவிட உயரம் என்று கண்டுபிடித்து அரைமணி நேரம் சிரித்தாள். மோட்டாரில் காய்கறி கொண்டுவரும் சீனப் பெண்ணிடம் உடைந்த மலாயில் குடும்பக் கதை முழுக்க வாங்கிவிட்டாள். அவளுக்கு எத்தனை பிள்ளை, யாருக்கு எந்த ஊரில் கல்யாணம் என்பதெல்லாம் அத்தனை வருஷம் அவளிடம் கீரை வாங்கிய வீரம்மாவுக்கே தெரியாது.

வீரம்மாவுக்குச் சந்தோஷம்தான். அதில் பொய் இல்லை. ஆனால் இன்று அஞ்சலையைப் பெண் பார்க்க பாகான் செராயிலிருந்து வருகிறார்கள்.

அதில்தான் சிக்கல். இரண்டு மாதத்துக்கு முன் சம்பந்தம் பேச வந்தவரிடம் உடையப்பன் சொன்னது இது: பெண்ணுக்கு அம்மா படுத்த படுக்கை, வெளியே வரமாட்டாள், என் தங்கச்சிதான் அம்மா இடத்தில் உட்கார்ந்து தட்டு வாங்குவாள். அப்போது நல்லம்மாள் தேறுவாள் என்று அவனுக்கே நம்பிக்கை இல்லை. தட்டு வாங்குவதற்காக அரக்கு நிறத்தில் ஒரு புடவையும் வீரம்மாவுக்கு எடுத்துக் கொடுத்தான். அது மடிப்புக் கலையாமல் அவள் பெட்டியில் இருந்தது. இதை நல்லம்மாளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

"அடுப்பை எப்படிப் பத்த வைக்கிறது?" என்று நல்லம்மாள் கேட்டாள். விறகடுப்பு போய் கேஸ் வந்தது அவள் தூங்கிய காலத்தில். இந்த ஆறு வாரத்திலும் வீரம்மா அவளை அடுப்புப் பக்கம் விட்டதில்லை. வீரம்மா திருகிக் காட்டினாள். நீலமாக நெருப்புக் குப்பென்று பிடித்ததும் நல்லம்மாள் ஓரடி பின்னால் குதித்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் பின்பக்கக் குழாயடியிலிருந்து உடையப்பன் கை காட்டிக் கூப்பிட்டான்.

அவன் முகம் கழுவியிருந்தான்; துடைக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, இவள் இப்படி எழுந்து நடமாடினால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டான். படுக்கை என்று சொன்னது பொய்யாகிவிடும். அதைவிட மோசம், இவள் வாயைத் திறந்து மாத்திரைக் கதையைச் சொல்லிவிட்டால், தாய்க்குப் பைத்தியம் என்று சொல்லிப் பெண்ணை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஊர் பூராவும் பரவும். அப்புறம் எவன் வருவான்?

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான்.

"ஒண்ணே ஒண்ணு, வீரம்மா. இன்னிக்கு மட்டும். கோப்பியில போட்டுக் குடுத்துடு. அவ பாட்டுக்குத் தூங்கட்டும். சாயங்காலம் எழுந்துடுவா."

எங்கிருந்து கிடைத்தது என்று அவள் கேட்டாள். எல்லாவற்றையும் டாக்டரம்மாவிடம் திருப்பிக் கொடுத்தபோது, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டை லோரியில் வைத்திருந்தானாம். சொல்லும்போது அவன் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. கெட்டவன் இல்லை உடையப்பன். பயந்தவன்.

வீரம்மா மாத்திரையைக் கையில் வாங்கினாள்.

வாங்கியது ஏன் என்று பின்னால் அவள் பலமுறை யோசித்திருக்கிறாள். ஒன்பது வருஷம் ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை தவறாமல் அந்தக் கிளினிக்குக்குப் போய் வாங்கி வந்த கை அது. கவுண்டரில் இருந்த பெண் அவள் பெயரைக்கூடக் கேட்கமாட்டாள். பார்த்தவுடன் பொட்டலத்தை நகர்த்துவாள். மூன்றாவது வருஷமே வீரம்மாவுக்குத் தெரியும், இது சரியில்லை என்று. அந்த வருஷம்தான் அஞ்சலை முதல் தடவை, காய்ச்சலில், அத்தை என்பதை விட்டு அம்மா என்று அவளைக் கூப்பிட்டாள். வீரம்மா அடுத்த சனிக்கிழமையும் போனாள்.

இப்போது அடுப்படியில் கோப்பி கொதிக்கிற வாசனை. உள்ளே அரக்குப் புடவை. மாத்திரையைக் கரைக்க அரை நிமிஷம் ஆகாது. பதினோரு மணிக்கு மகளின் தட்டைக் கையில் வாங்கலாம்.

அவள் உள்ளே போனாள். நல்லம்மாள் இரண்டு குவளையில் கோப்பி ஊற்றி, ஒன்றை அவளுக்காக மேசையில் வைத்திருந்தாள். ஒன்பது வருஷத்தில் அந்த வீட்டில் வீரம்மாவுக்கு யாரும் கோப்பி கலந்து கொடுத்ததில்லை.

வீரம்மா மாத்திரையை மேசையில், குவளைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். படுக்கை என்று சொன்னதை, தட்டை, புடவையை, குழாயடியில் அண்ணன் சொன்னதை, மூன்றாவது வருஷத்தை. அழுதுகொண்டு சொல்லவில்லை, அஞ்சலை எழுந்துவிடக் கூடாதே என்று வேகவேகமாகச் சொன்னாள்.

நல்லம்மாள் மாத்திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே எங்கோ வீட்டில் கடலை வறுக்க ஆரம்பித்திருந்தார்கள். அந்த மணம் ஜன்னல் வழியாக வந்தது.

"நீ குடுத்திருந்தா நான் குடிச்சிருப்பேன் வீரம்மா. என்னன்னு கேட்டிருக்க மாட்டேன்" என்றாள்.

பிறகு மாத்திரையை எடுத்துப் போய்க் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபமே வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். வந்தது. ஆனால் அவள் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"நீ இல்லேன்னா என் பொண்ணு என்ன ஆயிருக்கும்? அதையும் நான் நெனைக்கணும்லா. ரெண்டு பேரும் உக்காரலாம். தட்டு பெரிய தட்டுதானே, நாலு கை புடிக்கலாம்."

பிறகு மூன்றாவது குவளையில் கோப்பி ஊற்றி, குழாயடிக்கே கொண்டுபோய்ப் புருஷனிடம் நீட்டினாள். "குடிங்க" என்றாள்.

உடையப்பன் மனைவியைப் பார்த்தான். நிலைப்படியில் நின்ற தங்கையைப் பார்த்தான். குவளைக்குள் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. குவளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தானே தவிர, வாயில் வைக்கவில்லை.

"பயப்படாதீங்க. அது சாக்கடைக்குப் போயிடுச்சு. இன்னொண்ணு இருக்காம், அதையும் குடுங்க."

அவன் சட்டைப் பையைத் துழாவிக் கொடுத்தான். கோப்பியை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான். இரண்டு பெண்களும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அஞ்சலை எழுந்து வந்து, என்ன, என்ன என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை. உடையப்பன் மட்டும் துண்டால் முகத்தை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்து முடித்ததும் நல்லம்மாளிடம் வந்து, மெதுவாக, "தப்புதான்" என்றான். அவள், பிறகு பேசிக்கொள்ளலாம், போய்ப் பாயைத் தட்டிப் போடுங்கள் என்று அனுப்பினாள்.

அப்புறம் புடவைப் பிரச்சினை. அரக்குப் புடவையை வீரம்மா நீட்டியபோது நல்லம்மாள் தொடவில்லை. உனக்கு எடுத்தது நீதான் கட்ட வேண்டும் என்றுவிட்டாள். அவளிடம் இருந்தது பாசிப்பச்சையில் ஒரு பட்டு, தோட்டத்தில் கட்டியது. புடவைக்கு வயது ஏறவில்லை. ரவிக்கைதான் ஏறமாட்டேன் என்றது. வீரம்மா தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து, பக்கத் தையலைப் பிரித்து, உள்மடிப்பு முழுவதையும் விட்டு, நாற்பது நிமிஷத்தில் ஓட்டிக் கொடுத்தாள். போட்டுப் பார்த்த நல்லம்மாள் கையைத் தூக்கி இறக்கி, மூச்சை இழுத்து விட்டு, பால்மரமே வெட்டலாம் என்றாள். கேசரியில் கொஞ்சம் அடி பிடித்திருந்தது. அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

பதினோரு மணிக்கு ஒரு பழைய டட்சன் கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் பெயர் பத்துமலை; நெல் ஆலையில் கணக்கெழுதும் கிராணி. ஒல்லியாக, நல்ல உயரமாக இருந்தான். நிலைப்படியில் தலை இடித்துவிடுமோ என்று குனிந்தே உள்ளே வந்தான். கூட அவன் பெரியப்பா பிச்சைமுத்து, அம்மா காளியம்மா. காளியம்மா வெள்ளைக் கல் மூக்குத்தி போட்டு, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதிகம் பேசவில்லை. கண் மட்டும் எல்லாவற்றையும் பார்த்தது.

பேச்சு மழை, நெல் விலை என்று போய், பெரியப்பா தொண்டையைச் செருமினார். அரக்குப் புடவையையும் பச்சைப் புடவையையும் மாறி மாறிப் பார்த்தார். பெண்ணின் அம்மா படுக்கையில் இருப்பதாகச் சொன்னார்களே, இதில் யார் அம்மா என்று கேட்டார்.

உடையப்பன் வாயைத் திறந்தான். அதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"நான்தாங்க" என்றாள் நல்லம்மாள். "படுத்துத்தான் கெடந்தேன். சீக்கு இல்ல. தூக்க மாத்திரை. ஒம்பது வருஷம் அதைப் போட்டுப் போட்டு, கண்ணு தொறந்திருந்தாலும் தூக்கந்தான். இப்ப ஒரு டாக்டரம்மா கொஞ்சங்கொஞ்சமா குறைச்சு விட வச்சுட்டாங்க. ஆறு வாரமாச்சு. மறைச்சு வச்சு நாளைக்கு நீங்க வேற யார் வாயிலயோ கேக்க வேணாம்."

உடையப்பன் தரையைப் பார்த்தான். வீரம்மா மகளைப் பார்த்தாள். கோப்பித் தட்டோடு வந்த அஞ்சலை பாதியிலேயே நின்றுவிட்டாள்.

நல்லம்மாள் விடவில்லை. "பெத்தது நான். பதிமூணு வயசுக்கு மேல அவளுக்கு என்ன புடிக்கும், என்ன புடிக்காதுன்னு என்னைக் கேக்காதீங்க, எனக்கே இப்பதான் தெரியுது. இவளைக் கேளுங்க. வளர்த்தது இவ" என்று வீரம்மாவின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

காளியம்மாதான் முதலில் வாய் திறந்தாள். வீரம்மாவைப் பார்த்து, அப்படியானால் நீங்களே சொல்லுங்கள், பெண் எப்படி என்று கேட்டாள்.

வீரம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு பேச ஆரம்பித்தாள். பிறகு வந்தது பாருங்கள், நிற்கவேயில்லை. கருவாடு என்றால் எழுந்து போய்விடுவாள். ரேடியோ ஓடினால்தான் தூங்குவாள். கோபம் வந்தால் பேசமாட்டாள், துணி துவைப்பாள். ஒருநாள் துவைத்த துணியையே இரண்டு தடவை துவைத்திருக்கிறாள். சைக்கிள் ஓட்டுவாள், பிரேக் பிடிக்கமாட்டாள். முதல் சம்பளத்தில் அத்தைக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள். அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டு போதும் அத்தே, போதும் என்றாள். பத்துமலை அதுவரை யார் முகத்தையும் பார்க்காதவன், நிமிர்ந்து நேராக அவளையே பார்த்து, எனக்கும் கருவாடு ஆகாது என்றான். பெரியப்பாவே சிரித்துவிட்டார்.

தட்டு மாறியது. வெற்றிலை, பழம், குங்குமம், ஒரு புடவை. தட்டின் இந்தப் பக்கம் நல்லம்மாளின் கையும் அந்தப் பக்கம் வீரம்மாவின் கையும். நிச்சயம் தை மாதம் என்று முடிவாயிற்று. அடிபிடித்த கேசரியை மாப்பிள்ளை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். மரியாதைக்கா, உண்மையிலேயே பிடித்ததா என்று நல்லம்மாள் வீரம்மாவின் காதில் கேட்டாள். காதலுக்கு என்று வீரம்மா சொன்னாள்.

சாப்பாடு முடிந்து எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். பெரியப்பா காரில் ஏறினார். பத்துமலை ஸ்டியரிங்கைப் பிடித்தான். காளியம்மா மட்டும் ஏறவில்லை.

"நீங்க போங்கப்பா. நான் நாளைக்கு பஸ்ல வாரேன்."

சம்பந்தி வீட்டில் முதல் நாளே தங்குவதை எங்கும் கேட்டதில்லை என்றார் பெரியப்பா. இப்போது கேட்டுக்கொள்ளுங்கள் என்று காளியம்மா சொல்லிவிட்டு உள்ளே திரும்பி நடந்தாள். பத்துமலை கொஞ்சநேரம் அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வண்டியை எடுத்தான்.

உடையப்பன் மகளைக் கூட்டிக்கொண்டு, வாங்கி வந்த நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனான். அடுப்படி மேசையில் மூன்று பெண்கள் மட்டும். காளியம்மா கைப்பையைத் திறந்து மேசையில் கவிழ்த்தாள். நாலு காகிதப் பொட்டலம் விழுந்தது. எல்லாம் தூக்க மாத்திரை. மஞ்சள் நிறம்.

"நாலு வருஷமாச்சு, சம்பந்தி. மவனோட அப்பா காலமானதுலேர்ந்து. வயக்காட்டு நடுவுல வீடு. மவன் வேலைக்குப் போயிட்டா நானும் நாலு செவுரும்தான். உங்க மாதிரி எழுந்து உக்காந்து பேசின ஒருத்தரை நான் இன்னிக்குத்தான் பாக்குறேன். அந்த டாக்டரம்மா நாளைக்கு இருப்பாங்களா?"

நல்லம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருப்பார்கள், கூடவே வருகிறேன், பயப்படாதீர்கள், ஒரே நாளில் நிறுத்தமாட்டார்கள் என்று சொன்னாள். கேட்கக் கேட்கக் காளியம்மாவின் தோள் இறங்கியது. கொஞ்சம் சிரிக்கக்கூடச் சிரித்தாள்.

வீரம்மா பொட்டலங்களை அடுக்கும்போது, மேலே எழுதியிருந்த பெயர்களைப் படித்தாள். இரண்டில் காளியம்மா. ஒன்றில் தெரியாத யாரோ ஒருவர் பெயர். நாலாவதில், பத்துமலை.

அவள் நிமிர்ந்தாள். காளியம்மா அதைக் கவனித்துவிட்டாள்.

"அவன் தொட்டதில்ல. என் பேருல ரெண்டு தடவைக்கு மேல குடுக்க மாட்டேன்னாங்க, அதான் தெரிஞ்சவங்க பேரையும் அவன் பேரையும் சொல்லி வாங்கினேன். அவனுக்கு எதுவுமே தெரியாது. நிச்சயத்துக்கு முன்னால சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னுதான்..."

வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. டட்சன்தான். கதவு திறந்து மூடியது. "அம்மா, விட்டுட்டுப் போக மனசு வரல" என்று பத்துமலையின் குரல்.

வீரம்மா பொட்டலங்களை மறைக்க மேசைமேல் துண்டைப் போடக் கையை நீட்டினாள். நல்லம்மாள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். காளியம்மாவைப் பார்த்தாள். காளியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, சரி என்று தலையாட்டினாள்.

"உள்ளே வாங்க மாப்பிள்ளை" என்று நல்லம்மாள் வாசல் பக்கம் குரல் கொடுத்தாள். "இங்கதான் இருக்கோம், அடுப்படியில."